ஹுன்சூர் காளைகள்

1781-ல் ஹைதர் அலி சிதம்பரத்தைக் காப்பாற்ற நூறு மைல் தூரத்தை இரண்டரை நாளில் கடந்து வந்தார் என்று படிக்கிறோம். அவருடைய பீரங்கிகளை இழுத்து வந்தவை யாவை என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. அவை மைசூர் அமிர்த மகால் காளைகள்.

சிக்கதேவராஜ உடையார் காலத்தில் அரண்மனைக்கு வெண்ணெய் தருவதற்கென்று ஏற்பட்ட மந்தை அது. 'பெண்ணெ சாவடி' என்பது பழைய பெயர். அமிர்த மகால் என்று மாற்றியவர் திப்பு சுல்தான். அமிர்தமெல்லாம் பெயரில்தான், அந்தப் பசுக்கள் கறக்கும் பால் சொற்பம். ஆனால் காளைகள்! பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்பும், இறுகிய உடலுமாக, மாடு என்பதை விடக் காட்டு மிருகம் என்றே சொல்லலாம். கன்னடத்தில் 'காவல்' எனப்படும் மேய்ச்சல் வெளிகளில், மழைக்கு ஓரிடம், பனிக்கு ஓரிடம், கோடைக்கு ஓரிடம் என்று மந்தைகள் மாறிக்கொண்டே இருக்கும். கொட்டிலையே அறியாமல் வளர்ந்த கன்றுகளைப் பிடித்துப் பழக்கி நுகத்தில் பூட்டுவது லேசான காரியமா?

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு மந்தைகள் கவனிப்பாரற்று நலிந்தன. 1813-ல் காப்டன் ஹார்வி என்ற ராணுவ உத்தியோகஸ்தர் பொறுப்பேற்றதும் அவை மறுபடி தழைத்தன. ஹுன்சூர் தலைமையிடமாயிற்று.

பிறகு வந்தது சிக்கனம். 1860-ல் சென்னைக் கவர்னராயிருந்த ஸர் சார்லஸ் டிரெவெல்யன், செலவு மிச்சம் என்று பண்ணையைக் கலைத்து மாடுகளை விற்றுவிட உத்தரவிட்டார். வருமான வரி கூடாது என்று மேலிடத்தோடு சண்டை பிடித்து அதே வருஷம் பதவியை இழந்தவரும் இவரேதான். வரியும் வேண்டாம், செலவும் வேண்டாம் என்ற நியாயம் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பல தலைமுறைகள் பொறுக்கியெடுத்துச் சேர்த்த ரத்தத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில், எந்தப் பத்தியில் எழுதுவது?

சில வருஷங்களிலேயே ராணுவம் தவித்தது. பீரங்கிக்கு அப்படிப்பட்ட காளை வேறெங்கும் அகப்படவில்லை. 1866-ல் பண்ணையை மீண்டும் தொடங்க அனுமதி பிறந்தது. விற்ற மாடுகளைத் தேடி ஆள் போயிற்று. நல்ல வேளையாக, ஏலத்தில் பெரும் பங்கை வாங்கியிருந்தவர் மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். தம் முன்னோர் வளர்த்த மந்தையை அவர் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்ததால்தான் வித்து மிஞ்சியது.

1882-ல் பண்ணை மைசூர் சர்க்காரின் வசமாயிற்று. பீரங்கி இழுக்க மாடு தேவைப்பட்ட காலமும் போயிற்று. காவல் நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறின; சள்ளகெரெப் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கர் இந்த நூற்றாண்டில் அணு, விண்வெளி நிலையங்களுக்குப் போய்விட்டது. அஜ்ஜம்பூரில் சர்க்கார் பண்ணை ஒன்று இருக்கிறது. அந்தக் கொம்புகளைப் பார்க்க விரும்புகிறவர் அங்கே போகலாம்.