புனேயும் பின் நம்பரும், பிறகு வந்த ஓடிபியும்

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் போன் செய்தால் விசா, இட்லி மாவு இரண்டுக்கும் அடுத்தபடியாகப் புலம்புவது கார்டைப் பற்றித்தான். ஊரில் அப்பாவுக்கு ரயில் டிக்கெட் போட வேண்டும், அம்மாவுக்கு பிபி மாத்திரை அனுப்ப வேண்டும். அங்கத்திய கார்டைக் கொடுத்தால் நம்மூர்க் கடைகள் பல வாங்குவதில்லை. இந்திய கார்டைக் கொடுத்தால் ஓடிபி கேட்கிறது. அந்த ஓடிபி போய்ச் சேரும் சிம் கார்டு மன்னார்குடியில் பீரோவுக்குள் பழைய நோக்கியா போனோடு தூங்குகிறது. கையில் காசு இருக்கிறது, வாங்க முடியவில்லை. என்ன கொடுமை சார் இது!

இந்தத் தொல்லைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் இரண்டு முக்கியமான சம்பவங்கள் நான் பொட்டி தட்டும் இந்தப் புனேயில் நடந்தவை.

முதலாவது 2005 ஏப்ரலில் வெளியே வந்தது. எம்ஃபசிஸ் நிறுவனத்தின் எம்சோர்ஸ் என்ற கால் சென்டர் புனேயில் இயங்கிவந்தது. சிட்டி வங்கியின் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு இங்கிருந்துதான் பதில் சொன்னார்கள். அங்கே வேலை பார்த்த சிலர், உதவி செய்வது போல நைச்சியமாகப் பேசி, நான்கு வாடிக்கையாளர்களிடம் பின் நம்பரை வாங்கிவிட்டார்கள். பேனா, பேப்பர் உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலில் சோதனை உண்டு. அதனால் நம்பர்களை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து, நேரே சைபர் கஃபேக்குப் போயிருக்க வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். அமெரிக்கக் கணக்குகளிலிருந்து சுமார் 3.5 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் 1.5 கோடி ரூபாய், புனேயில் பொய்ப் பெயர்களில் திறந்த கணக்குகளுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் பணம் குறைந்ததைக் கவனித்தவர்கள் புகார் கொடுக்க, போலீஸ் ஆட்களைப் பிடித்தது.

செய்தி வந்ததும் அமெரிக்க, இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஒரே கூச்சல். இந்தியாவுக்கு வேலையை அனுப்பினால் ரகசியம் தங்குமா என்று கேட்டார்கள். பிழைப்பே போய்விடுமோ என்று இங்கே பயந்தவர்கள் நிறைய. 2006 ஜனவரியில் நாஸ்காம், தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் பின்னணியைச் சரிபார்த்துப் பதிந்துவைக்கும் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. 2008 டிசம்பரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டு, 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரின் அந்தரங்கத் தகவலைக் கவனமில்லாமல் வைத்திருந்து அதனால் நஷ்டம் வந்தால் ஈடு தரவேண்டும் என்ற 43ஏ பிரிவு அதில்தான் சேர்ந்தது. இதெல்லாம் புனே வழக்கு ஒன்றால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வழக்கைப் பற்றிப் பேசாமல் அந்த வருடங்களில் எந்த விவாதமும் நடக்கவில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். யாரும் கம்ப்யூட்டரை உடைத்து உள்ளே போகவில்லை. நான்கு பேர் தங்கள் ரகசிய எண்ணை போனில் வாய்விட்டுச் சொன்னார்கள், அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இனி ஓடிபி கதை. திருட்டு நடந்தால் நஷ்டம் யாருடையது என்ற கேள்விக்கு அமெரிக்கா 1970-லேயே ஒரு பதில் வைத்திருந்தது. கிரெடிட் கார்டைத் திருடி யாராவது செலவழித்தால் கார்டுக்காரர் தலையில் அதிகபட்சம் 50 டாலர்தான் விழும். மிச்சம் வங்கிக்கும் கடைக்கும் உள்ள பாடு. அதனால் அங்கே கடைக்காரர்கள் வாடிக்கையாளரைக் கேள்வி கேட்டு விரட்டுவதைவிட, கொஞ்சம் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வதே மேல் என்று கணக்குப் போட்டார்கள். நம் ரிசர்வ் வங்கி வேறு வழியில் போனது. வாசலிலேயே பூட்டுப் போடு என்றது. கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் விவரங்கள் போதாது, கார்டில் இல்லாத இன்னொரு ரகசியமும் வேண்டும் என்று 2009 பிப்ரவரி 18 அன்று உத்தரவு போட்டது. அந்த வருடம் ஆகஸ்ட் 1 முதல் இணையக் கடைகளில் அது கட்டாயம். முதலில் பாஸ்வேர்டாக இருந்தது, போகப் போக எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியாக மாறியது. திருட்டுச் செலவுக்கு வாடிக்கையாளர் பொறுப்பு எவ்வளவு என்று தெளிவாக வரையறுத்த உத்தரவு இங்கே வந்தது 2017 ஜூலையில்தான். மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்னால் மூன்றாம் ஆள் செய்த திருட்டுக்கு நாம் பொறுப்பில்லை. பூட்டு வந்து எட்டு வருடம் கழித்து இந்தப் பாதுகாப்பு. (என்னைக் கேட்டால் இரண்டும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.)

உள்ளூரில் இருப்பவனுக்கு இந்தப் பூட்டு நல்லதுதான். ஆனால் சாவி ஒரு இந்திய மொபைல் நம்பரில் இருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த நம்பரே போய்விடும். 2014-ல் ஊபர் நிறுவனம் பணத்தை வெளிநாட்டு வழியாகச் சுற்றி வாங்கி, ஓடிபி இல்லாமல் வண்டி ஓட்டியது. ரிசர்வ் வங்கி ஆகஸ்டில் அந்தச் சந்தையும் அடைத்தது.

விளைவு என்ன? டெக்சாஸில் இருக்கும் பிள்ளை கார்டு நம்பரைத் தட்டுவான். கும்பகோணத்தில் என் அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து, "ஏழு... ரெண்டு... அது ஒண்ணா ஏழாப்பா?" என்று போனில் படிப்பார். பாதுகாப்புக்கென்று வந்த ஏற்பாடு, ரகசிய எண்ணைப் போனில் சொல்வதையே நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பழக்கமாக்கிவிட்டது. 2005-ல் அந்த அமெரிக்கர்கள் நால்வரும் செய்தது இதைத்தானே? நாளைக்கு வேறொருவன் "பேங்க்லேர்ந்து பேசறேம்மா" என்றால் அத்தை படிக்கமாட்டார் என்று என்ன நிச்சயம்? பிள்ளையும் அத்தையும் இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். படிப்பதற்கு முன் அத்தை, பழைய பசுமாட்டின் பெயரைக் கேட்பார். பிள்ளை சரியாகச் சொன்னால்தான் எண் வரும். ரிசர்வ் வங்கிக்கே தோன்றாத மூன்றாவது பூட்டு :-)

இரண்டாவது புனே சம்பவம் 2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. 1906-ல் தொடங்கிய காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி இந்த ஊர் மத்தியதர வர்க்கத்தின் வங்கி. ஏடிஎம்மில் அட்டையைச் செருகினால், பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி வங்கியின் கணினிக்குப் போகும். திருடர்கள் நடுவில் ஒரு போலிக் கணினியை நுழைத்து, எல்லாக் கேள்விக்கும் "கொடு" என்றே பதில் சொல்லவைத்தார்கள். நகலெடுத்த சுமார் 450 அட்டைகளோடு 28 நாடுகளில் ஆட்கள் ஏடிஎம் வாசலில் தயாராக நின்றார்கள். சில மணி நேரத்தில் சுமார் 78 கோடி ரூபாய் போயிற்று. கோலாப்பூர் உள்பட இந்தியாவுக்குள் இன்னொரு 2.5 கோடி. திங்கட்கிழமை ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங்குக்கு 13.92 கோடி. மொத்தம் 94 கோடி. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து ஒரு பைசாவும் குறையவில்லை, அடி வங்கிக்குத்தான். 2023 ஏப்ரலில் புனே நீதிமன்றம் 11 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அவர்கள் பணம் எடுக்கவும் ஆள் சேர்க்கவும் உதவிய சில்லறை ஆட்கள். வடகொரியாவை நோக்கி ஐ.நா. நிபுணர் குழு விரல் நீட்டியது.

2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இன்னொரு உத்தரவு போட்டது. புதிதாகக் கொடுக்கும் எந்த அட்டையும் இந்திய ஏடிஎம்மிலும் இந்தியக் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகம், இணைய வியாபாரம் இரண்டையும் கார்டுக்காரரே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். காஸ்மாஸ் மாதிரியான கொள்ளையைப் பார்த்தபின் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விமானம் ஏறும் அவசரத்தில் இதை மறந்துவிட்டு, அங்கே இறங்கியபின் கார்டு வேலை செய்யாமல் முழித்தவர்கள் ஏராளம். 2021 அக்டோபரிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்களுக்கும் முன் அனுமதி வேண்டுமென்றார்கள். ஒரே நாளில் பல வீடுகளில் அவை நின்றுபோயின.

சாவியைக் கொஞ்சம் தளர்த்தியது 2023 ஜனவரியில். அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம், இங்கிலாந்து உள்ளிட்ட 10 நாடுகளின் மொபைல் நம்பரை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு இணைத்து யுபிஐ செய்யலாம் என்றார்கள். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, எஸ்எம்எஸ் ஓடிபியைத் தவிர்த்த மற்ற வழிகளுக்கும் இடம் கொடுக்கும் விதிகளை வெளியிட்டது. அதற்கான கெடு 2026 ஏப்ரல் 1. எஸ்எம்எஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. ஆகவே பீரோவில் இருக்கும் அந்த நோக்கியாவுக்கு ரீசார்ஜ் செய்வதை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள்.