வெட்டுப்பட்ட அம்மாச்சி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட பதிவு இது. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக்கதை.

வைகை அணைக்கு டூர் போனவங்க பூங்காவில சுத்திட்டு பஸ் ஏறியிருப்பீங்க. 1959ல திறந்த அணை. உயரம் 111 அடி, தண்ணி தேக்குறது 71 அடி வரைக்கும். அந்தத் தண்ணிக்குக் கீழ சில ஊருங்க இருக்கு. வைரமுத்து பிறந்த மெட்டூர் அதுல ஒண்ணு. அவரோட 'கள்ளிக்காட்டு இதிகாசம்' (2003 சாகித்ய அகாதமி விருது) பேசுறது இந்தக் கதையைத்தான். எங்க அம்மாச்சி வாக்கப்பட்ட ஊரும் தண்ணிக்குள்ளதான் போச்சு.

கல்லூரிக் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு இதையே 4 நிமிஷ அனிமேஷன் படமா எடுக்கலாம்னு கிளம்பினோம். நாங்க மூணு பேர். கதாபாத்திரங்கள் அஞ்சு: தாத்தா, அம்மாச்சி, பென்னிகுக் துரை, சேலை கட்டின வைகை ஆறு, பேசுற அயிரை மீன். ஆசைக்கு ஏது அளவு :-)

அப்புறம்தான் கணக்குப் போட்டோம். செகண்டுக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு வச்சாலும் 12 படம் வரையணும். 4 நிமிஷத்துக்கு 2,880. அது ஒரு ஆளுக்கு. அஞ்சு பேரும் படம் முழுக்க வந்தா 14,400. தலை சுத்திருச்சு.

அப்ப தெம்பு குடுத்தது ஒரு பழைய கதை. டிஸ்னியில 'பேம்பி' படத்துல வேலை பார்த்த க்ளேர் வீக்ஸ், 1956ல மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். கத்துக்கிட்டவங்கள்ல சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்ச ராம் மோகனும் ஒருத்தர். அந்தப் பயிற்சியில பிறந்த படம்தான் ஜாதகக் கதையை வச்சு எடுத்த 'தி பேன்யன் டீர்' (1957). ஒரு வகையில நம்ம நாட்டோட முதல் மாணவர் அனிமேஷன்னே அதைச் சொல்லலாம்.

வீக்ஸ் வேலை பார்த்த 'பேம்பி'யிலயே (1942) எவ்வளவு வெட்டினாங்க தெரியுமா? ரெண்டு உதிரப்போற இலைங்க பேசிக்கிற காட்சி போச்சு. காட்டுத்தீயில செத்துக் கிடக்குற வேட்டைக்காரன் போனான். கடைசியில மனுசன் ஒருத்தன்கூட திரையில கிடையாது. துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான். பயம் இன்னும் ஜாஸ்தியாச்சு.

அதே வழியில நாங்களும் கத்தியை எடுத்தோம். பென்னிகுக் கட்டினது 1895ல முடிஞ்ச பெரியாறு அணை, இந்தக் கதைக்கு அவர் வேண்டாம், மன்னிச்சுக்கங்க துரை! ஆத்துக்குச் சேலை மடிப்பு வரைய முடியல, போச்சு. அயிரையும் போச்சு. அணையைக்கூட காட்டல, மேல ஏறி வர்ற தண்ணிக்கோடு மட்டும்தான். அப்பவும் வேலை முடியல. கடைசியா அம்மாச்சியை வெட்டினோம். தாத்தா தனியா ஆட்டுரலைத் தூக்கப் பார்க்கிறார், முடியல, விட்டுட்டு நடக்கிறார். உரல் முங்குது. அவ்வளவுதான் படம்.

கல்லூரியில நல்ல கைதட்டல். வீட்டுல போட்டுக் காட்டினப்ப அம்மாச்சி கடைசிவரை பேசாம பார்த்தது. அப்புறம் கேட்டுச்சு:

"உங்க தாத்தா எங்கடா உரலைத் தூக்குனாரு? அவரு மாட்டை ஓட்டிக்கிட்டு முன்னாடியே போயிட்டாரு. நாந்தான வயித்துல உங்கம்மாளோட அதை உருட்டிப் பாத்தேன்."

எனக்கு வாய் வரல.

மத்த மூணு பேரை வெட்டினதுல இன்னைக்கும் வருத்தமில்ல. படம் பிழைச்சதே அதனாலதான். ஆனா யாராவது ஒருத்தர்தான் மிஞ்சணும்னப்ப, உண்மையில உரல்கிட்ட நின்னது யாருன்னு ஒரு வார்த்தை கேட்காம விட்டுட்டோம். பக்கத்து ரூம்லதான் இருந்துச்சு, கேட்டிருந்தா சொல்லியிருக்கும்.

அம்மாச்சி இப்ப இல்ல. படத்தைத் திருத்தி வரைய அந்த மூணு பேரும் இனி ஒண்ணா சேரப் போறதும் இல்ல. அதான் இங்கயாவது எழுதி வைக்கிறேன்: உரலை உருட்டினது அம்மாச்சி.