மண்டை ஓட்டைத் திறக்காமலே...

"எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" - இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் காதில் விழும் வாசகம் இது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு.

எக்ஸ்ரே 1895-லேயே வந்துவிட்டது. ஆனால் அது எலும்பைக் காட்டும் அளவுக்கு மூளையைக் காட்டாது. மூளையும் அதற்குள் வளரும் புற்றுநோய்க் கட்டியும் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். போதாக்குறைக்கு மண்டை ஓடு வேறு மறைக்கும்!

1919-ல் அமெரிக்க மருத்துவர் வால்டர் டாண்டி ஒரு வழி சொன்னார். முதுகுத்தண்டில் ஊசி குத்தி, மூளையைச் சூழ்ந்த திரவத்தை எடுத்துவிட்டு, காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. மூளையின் அறைகள் இடம் மாறியிருந்தால் அங்கே கட்டி இருக்கலாம் என்று ஊகிப்பார்கள். நோயாளிக்கோ கடுமையான தலைவலி, வாந்தி. ஆனாலும் பல பத்தாண்டுகள் இதுதான் நடந்தது.

இதை மாற்றியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இங்கிலாந்துக்காரர், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத என்ஜினியர். வேலை பார்த்தது பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. கம்பெனியில். ஒரு பொருளின் ஊடே பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கதிர் வெளியே வருகிறது என்று அளந்தால், உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமாகத் தரும் என்பது அவர் யோசனை. முதல் சோதனையில் ஒரு படத்துக்கு அளவெடுக்கவே 9 நாள் ஆனது!

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனை. மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணை, ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற கதிரியக்க மருத்துவரின் மேற்பார்வையில் ஸ்கேன் செய்தார்கள். 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவுகள், ஆக 28,800 எண்கள். படத்தில் மூளையின் முன்பகுதியில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. அறுவை செய்த மருத்துவர், உள்ளே இருந்தது படத்தில் கண்டது போலவே இருந்ததாகச் சொன்னார்.

இதற்கான கணிதத்தை ஆலன் கார்மாக் தனியாகவே கண்டுபிடித்து 1963, 1964-ல் வெளியிட்டிருந்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1979-ல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது.

இன்று சி.டி. ஸ்கேன் சில நொடிகளில் முடிகிறது. கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று அது சொல்லும். அது புற்றுநோய்தானா என்று உறுதி செய்யப் பெரும்பாலும் இன்றும் பயாப்ஸி தேவை. ஆனால் கத்தியை எடுக்கும் முன், எங்கே வைப்பது என்று மருத்துவருக்குத் தெரிகிறதே, அது சாதாரண விஷயமா?