சாம்பலுக்கு முந்திய பாவம்

சிண்டரெல்லா என்றதும் குற்றமறியாப் பெண்ணொருத்தியே நம் நினைவில் எழுகிறாள். ஆயின், ஐரோப்பாவில் அச்சேறிய பழைய வடிவங்களுள் ஒன்று வேறு விதமாகப் பேசுகிறது. நேப்பிள்ஸ் பகுதியைச் சேர்ந்த பசீலே, தம் மக்களின் பேச்சுமொழியில் எழுதிய ஐம்பது கதைகள், அவர் 1632இல் மறைந்தபின், 1634 முதல் 1636 வரை வெளிவந்தன.

அங்கே இளவரசி செசோல்லாவுக்குத் தையல் கற்பிப்பவளே சிற்றன்னையாக விழைகிறாள். முன்னமே ஒரு சிற்றன்னை, கொடியவள், அரண்மனையில் இருக்கிறாளே! பழந்துணி கேட்டு அவளைப் பெரிய பெட்டிக்குள் குனியச் செய்து, தாங்கியிருக்கும் மூடியை விட்டுவிடுமாறு ஆசிரியை சொல்லிக் கொடுக்கிறாள். சிறுமியும் அவ்வாறே செய்கிறாள். கழுத்து முறிகிறது. தந்தையை வற்புறுத்தி ஆசிரியையை மணக்கச் செய்பவளும் அவளே. சில நாளே அன்பு. பின்னர் மறைத்து வைத்திருந்த தன் ஆறு பெண்களை ஆசிரியை வெளிக்கொணர, செசோல்லா அடுப்பங்கரைச் சாம்பலுக்குத் தள்ளப்படுகிறாள்.

தூண்டியவள் ஒருத்தி; மூடியை விட்ட கையோ சிறுமியுடையது. ஒப்புரவு அருட்சாதனத்தை நாடும் நமக்கு இதுவே உறுத்துகிறது. அவள் அழவில்லை, அறிக்கையிடவில்லை, இறுதியில் அரசியாகிறாள்.

1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ இக்கதையைச் சொன்னபோது பெட்டியுமில்லை, கொலையுமில்லை. நம் பிள்ளைகள் அறிந்த பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிக் காலணியும் அவருடைய கதையில் வருபவை.