தொட்டில் துணியும் தூய்மையும்

ஃபிக்ஹு நூலைத் திறந்தால் முதலில் வருவது தஹாரத் பாடம். கைக்குழந்தையின் சிறுநீர் பட்ட துணியைப் பற்றியும் அதில் பேசப்படுகிறது. பால் மட்டும் அருந்தும் ஆண் குழந்தையெனில் நீர் தெளித்தாலே போதும் என்பர் ஷாஃபிகள். கழுவியே ஆக வேண்டும் என்பர் ஹனஃபிகள். மதுரை வட்டாரத்தில் நாம் பெரும்பாலும் ஹனஃபிகள். ஆகவே நம் தாய்மாருக்குத் துவைக்கும் வேலையும் சற்று அதிகம்!

முன்னர் பழைய வேட்டி, சேலைகளைக் கிழித்தே குழந்தைக்குத் துணி கட்டினர். மாதவிடாய்க்கும் அதுவே. குழந்தையின் துணியையாவது வெயிலில் உலர்த்தினர். பெண்களின் துணியோ இருண்ட மூலையில் ஈரம் காயாமல் கிடந்தது.

தமிழக அரசு 2012இல் 'புதுயுகம்' திட்டத்தைத் தொடங்கியது. 10 முதல் 19 வயது வரையிலான கிராமப்புறப் பெண்களுக்கு, 6 நாப்கின்கள் கொண்ட பொதிகள் மூன்று, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை இலவசமாக வழங்கப்பட்டன. கணக்கிட்டால் மாதத்திற்கு ஒன்பதே வரும். போதுமா என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டறியலாம். 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் வந்தது. துண்டு, உடை, கொசுவலை, நாப்கின், சோப்பு எல்லாம் அதில் இருந்தன. நல்ல ஏற்பாடுதான், ஆயினும் பெட்டகம் ஒருமுறையே வரும், துணியோ நாளைக்குப் பலமுறை நனையும்.

ரமளானில் நாம் தரும் பையில் அரிசியும் சேலையும் இருக்கும். நாப்கின் வைக்க மட்டும் கூசுகிறோம். ஹைளு பற்றிய சட்டங்களை மிம்பருக்கு அருகிலேயே அமர்ந்து பாடம் நடத்தும் நமக்கு இதில் என்ன கூச்சம்? சென்ற ஆண்டு எம் ஆலிமாக்கள் துணிந்து வைத்தனர். இவ்வாண்டு எத்தனை பொதிகள் வரும் என்று ஷஅபானிலேயே கேட்டனுப்பியிருக்கின்றனர் தாய்மார்.