ஊருக்குப் போதல்: ஜொகூர்த் தோட்டத் தமிழரின் முதுமைக்கால முடிவு

‘ஊர்’ என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் ஒன்று. மலாயாத் தோட்டங்களில் அது பெற்ற பொருள் வேறொன்று. லாபிசிலோ ரெங்கத்திலோ முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒருவர், ‘அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன்’ என்றால், அவர் குறித்தது சேலத்தையோ திருச்சியையோ தஞ்சையையோ வட ஆர்க்காட்டையோ சேர்ந்த ஒரு சிற்றூரையே ஆகும். தாம் குடியிருந்த இடத்தை அவர் ‘தோட்டம்’ என்றார். கடைத்தெரு இருந்த இடத்தைப் ‘பட்டணம்’ என்றார். ‘ஊர்’ என்னும் சொல்லை மட்டும் இந்நாட்டு மண்ணுக்கு வழங்காமல் கடலுக்கு அப்பால் பத்திரமாக வைத்திருந்தார். எல்லா ஊரும் நம் ஊரே எனச் சங்கப் புலவரை எடுத்துக்காட்டி மேடையிலே கைதட்டல் பெறுவது எளிது. ஐம்பத்தைந்து வயதில் கத்தியைக் கீழே வைத்த தொழிலாளி, இனி எங்கே சென்று படுப்பது என்று எண்ணியபோது, அந்த அடி அவருக்கு உதவவில்லை.

அவர் அவ்வாறு எண்ண நேர்ந்தது ஏன்? பலரும் இதனைத் தாய்நாட்டுப் பற்று என்று சொல்லி முடித்துவிடுவர். பற்று இருந்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால், பற்றினும் வலிய காரணம் ஒன்று புலப்படுகிறது. அதுதான் வீடு.

ஜொகூரின் உள்நிலம் இரப்பருக்குத் திறந்தது இருப்புப்பாதையால்தான். கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909இல் நிறைவுற்றது. அதன் இருமருங்கிலும் சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் எனத் தோட்டங்கள் எழுந்தன. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1907இல், தமிழர் குடிநுழைவு நிதி என்னும் ஏற்பாடு வந்துவிட்டது. தொழிலாளரைப் பயன்படுத்திய முதலாளிகள் தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்த, அப்பணத்தால் கங்காணிகள் திரட்டிவந்த ஆட்களுக்கு இலவசக் கப்பல் பயணம் கிடைத்தது. நாகப்பட்டினத்திலும் பின்னர் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, தொற்றுத் தடுப்பு முகாமில் சில நாள் அடைபட்டு, அதன்பின் தோட்டம் வந்து சேர்ந்தனர்.

அந்நிதிக்கு மற்றொரு முகமும் உண்டு. வேலை செய்ய இயலாத முதியோரையும் நோயாளிகளையும் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தே வந்தது. அழைத்துவரும் சீட்டும் அனுப்பிவைக்கும் சீட்டும் ஒரே பெட்டியில் இருந்தன என்க! உடல் வலிமை உள்ளவரை மலாயா. அது தேய்ந்தபின் இந்தியா. தொழிலாளியின் முதுமைச் செலவை அவர் பிறந்த சிற்றூர் ஏற்கவேண்டும் என்பதே அன்றைய கணக்கு. 1930இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தின்போது இக்கணக்கு அப்பட்டமாக வெளிப்பட்டது. இரப்பர் விலை வீழ்ந்ததும், முதியோர் மட்டுமல்லர், திடகாத்திரமான ஆண்களும் பெண்களுமாக இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில ஆண்டுகளுக்குள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் ஆள் தேடினர்.

இத்தகைய ஏற்பாட்டில் தொழிலாளிக்குச் சொந்த வீடு எதற்கு? தோட்ட நிருவாகம் கட்டிய லயன் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. ‘பேர்’ பதிந்திருக்கும் வரை கூரை உண்டு. பேர் வெட்டப்பட்ட அன்றே கூரைக்கும் உரிமை இல்லை. இதனை நகரத்தாரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூவார் போன்ற பட்டணங்களில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களின் மேலாட்கள் மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் செட்டிநாட்டுக்குத் திரும்பினர். அங்கே அவர்களுக்கு மாளிகை இருந்தது. அவர்கள் எங்கே முதுமையைக் கழிப்பது என்று தலையைப் பிசைந்துகொள்ளவில்லை. தோட்டத் தொழிலாளிக்கோ இங்கே வீடு இல்லை. அங்கே இருந்தது பங்காளிகளோடு கூடிய ஒரு குடிசையும், சிலருக்குச் சிறு துண்டு நிலமும். வீடற்றவன் எங்கேனும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொண்டுதான் உறங்க முடியும். ‘ஊர்’ அந்தக் கற்பனைக்கு வாய்த்த பெயர்.

ஆனால் மக்கள்தொகைக் கணக்கு வேறொரு கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தது. 1931இல் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்களே இருந்தனர். இந்நாட்டில் பிறந்தோர் ஐந்தில் ஒரு பங்கினர். 1947இல் ஏறத்தாழப் பாதிப்பேர் இங்கே பிறந்தவர்கள். 1957இல் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல். இந்த மாற்றத்துக்கு மேடைப் பேச்சோ இயக்கமோ காரணமில்லை. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று உடலுழைப்புத் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடை செய்தது. புதிய ஆட்கள் வருவது நின்றது. போர்க்காலத்தில் கடல்வழி அடைபட்டது. சயாம் மரண இரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் தமிழர். மீண்டவர் எத்தனை பேர் என்பதைப் பழைய தோட்டத்துக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். கணவனைப் பறிகொடுத்த பெண் எந்த ஊருக்குப் போவாள்? அவள் பிள்ளைகளோடு தோட்டத்திலேயே நின்றாள். ஜொகூரில் தமிழர் நிலைத்த வரலாற்றை எழுதுவோர், இவ்வாறு நின்றுபோன கைம்பெண்களை முதற்பக்கத்தில் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. கங்காணிகளைப் பற்றித்தான் நாம் மிகுதியாக எழுதிவிட்டோம்.

போருக்குப்பின் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் கதவை இறுக்கியது. அதுவரை ஊருக்குப் போய் ஈராண்டு இருந்து திரும்பியவர்கள், இனி மறுநுழைவு அனுமதியின் காலக்கெடுவை எண்ணவேண்டியதாயிற்று. போய்ப் பார்ப்பது வேறு, போய்விடுவது வேறு என்னும் பிரிவு அப்போதுதான் கூர்மையாயிற்று. 1957 ஆகஸ்டு 31க்குப்பின் இங்கே பிறந்த பிள்ளை பிறப்பாலேயே குடிமகன். அதற்கு முன் வந்த பெற்றோர் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டும்; முதல் ஓராண்டில் மொழித் தேர்வில் சலுகையும் இருந்தது. பலர் பதிந்துகொண்டனர். பதியாதோரும் பலர். அவர்களை அறியாமை மிக்கவர்கள் என்று பழிப்பது எளிது. ஆனால் அவர்கள் நிலையிலிருந்து பார்க்கவேண்டும். வந்த ஆண்டு தெரியாது. தாள் ஏதும் கையில் இல்லை. அலுவலகம் செல்ல ஒருநாள் கூலி போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இன்னும் சில வருடம்தானே, ஊருக்குப் போய்விடுவோம்’ என்ற எண்ணம். போகும் நாளை ஒத்திப்போட்டவர்கள், இருப்பதற்கான தாளையும் ஒத்திப்போட்டார்கள். ஒரே வீட்டில் தந்தைக்குச் சிவப்பு அடையாள அட்டை, மகனுக்கு நீல அட்டை என்ற நிலை இவ்வாறு பிறந்தது.

1969இல் செயற்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த ஒத்திவைப்பை முடித்துவைத்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற்றாக வேண்டும். அனுமதியோ குறுகிய காலத்துக்கே. அடுத்தமுறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தில் பல்லாயிரம் இந்தியர் நாட்டை விட்டுச் சென்றனர். ஜொகூர்க்காரர்கள் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்று கப்பலேறினர். 1926 முதல் ஓடிய ‘ரஜுலா’ அப்போதும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சென்றுவந்தது. அதே காலத்தில் பிரிட்டிஷ் படைகள் 1971இல் சிங்கப்பூரை விட்டு நீங்கியதால் தளங்களில் வேலை இழந்த இந்தியரும் அக்கப்பல்களில் சென்றனர்.

இங்கே இலங்கையையும் பர்மாவையும் நினைத்துப் பார்ப்பது பொருந்தும். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைக் கணக்கிட்டுப் பிரித்தது. பர்மாவில் கடைகள் நாட்டுடைமையானபின் வெறுங்கையோடு கப்பலேறியவர்கள் சென்னையிலும் பிற நகர்களிலும் பர்மா குடியிருப்புகளை உண்டாக்கினர். மலேசியத் தமிழருக்கு அத்தகைய ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆகவே முடிவு ஒவ்வொரு குடும்பத்தின் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. அரசுகள் மேசையில் செய்ததை இங்கே கணவனும் மனைவியும் விளக்கொளியில் செய்தனர். கணவர் போகவேண்டும் என்பார்; பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் மனைவி, ‘நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க’ என்பாள். பெரும்பாலும் மனைவியின் சொல்லே நின்றது.

கையில் இருந்த பணத்தையும் பார்க்கவேண்டும். 1951இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. தொழிலாளி ஐந்து விழுக்காடு, முதலாளி ஐந்து விழுக்காடு. ஐம்பத்தைந்து வயதில் மொத்தமாகப் பெறலாம். இது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாட்கூலியில் ஐந்து விழுக்காடு எத்துணைப் பெருகும்? மகள் திருமணமும் பழைய கடனும் போக எஞ்சியது கப்பல் சீட்டுக்குப் போதும், வீட்டுக்குப் போதாது. ஆசிரியராகிய எங்களுக்கு ஓய்வூதியமும் வீட்டுக்கடன் வசதியும் உண்டு. எனவே எங்கே ஓய்வு பெறுவது என்று நாங்கள் பேசுவது ஒரு விருப்பத்தைப் பற்றிய பேச்சு. அவர்கள் பேசியது அப்படிப்பட்டதன்று. முதிய தொழிலாளர்க்கெனப் பொதுப்பணம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பழைய குடிநுழைவு நிதியின் எச்சம் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகி, முதியோர் இல்லம் முதலியவற்றுக்கு உதவியது. 1999இல் அதுவும் கலைக்கப்பட்டது.

இனி, ஆசிரியர் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். இங்கேயே இருப்பது என்று முடிவு செய்தவருக்கு வீடு எவ்வாறு நிலைத்தது? குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தால் லயன் வீடு கையை விட்டுப் போகாது. தந்தையின் பேர் வெட்டப்படும்போது மகனின் பேரோ மகளின் பேரோ பதிந்திருக்கவேண்டும். ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகாமல் விடியற்காலைப் பிரட்டுக்கு ஏன் போயிற்று என்பதற்கு வறுமை, பேருந்துக் கட்டணம், பெற்றோரின் அக்கறையின்மை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. பாட்டனுக்கும் பாட்டிக்கும் கூரை வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதை எவரும் பதிவேட்டில் எழுதவில்லை. ‘படிப்பை நிறுத்திவிட்டார்’ என்றே எழுதினோம். கப்பலேறாமல் நின்ற முதியவரின் வாடகையை ஒரு பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் படிப்பால் கட்டியது. எனக்கு மூத்த ஆசிரியர்கள் பலர் தம் வகுப்பிலேயே கெட்டிக்கார மாணவர் இவ்வாறு போனதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பெற்றோரைக் கடிந்துகொண்டதையும் சொன்னார்கள். பின்னாளில் அதற்காக வருந்தியதையும் சொன்னார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றோரும் இருந்தனர். 1950களில் வெள்ளையர் தோட்டங்களை விற்கத் தொடங்கவே, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். ஜொகூர் அரச குடும்பத் தொடர்புடைய அறிஞர் உங்கு அசீஸ் இத்துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை தந்தார். துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் நடந்து தொழிலாளரிடம் பங்குப்பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் தோட்டமாயிற்று. தோட்டம் கூட்டுறவுக்குச் சொந்தமானது. அதனால் வேலை காக்கப்பட்டது. ஆயினும் தொழிலாளி பெயரில் வீட்டுமனை என்பது நாடெங்கும் பரவலாக வரவில்லை. 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் நீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் பற்றிப் பேசியது. அதுவும் வேலையில் உள்ளவருக்கான வீட்டைப் பற்றியே.

கப்பல்களின் கதையும் முடிந்தது. ‘ரஜுலா’ 1973இல் விற்கப்பட்டது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பல உயிர்கள் மாண்டன. சென்னைக்கும் சிங்கப்பூருக்குமான பயணிகள் கப்பல் அத்தோடு நின்றது. மூட்டை முடிச்சோடும் தகரப்பெட்டியோடும் ஒரேயடியாகப் போய்விடுவதற்கு ஏற்ற வழி அது. விமானத்தில் இருபது கிலோவோடு எவரும் ஊருக்குப் ‘போய்விடுவதில்லை’.

தோட்டங்களும் போயின. ஜொகூர் பாருவைச் சூழ்ந்த இரப்பர் நிலங்களில் பாசிர் கூடாங் துறைமுகமும் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. மவுண்ட் ஆஸ்டின் என்பது ஒருகாலத்தில் பெயர்பெற்ற இரப்பர்த் தோட்டம். இன்று அது கடைத்தொகுதிகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த நகர்ப்பகுதி. வெளியேறிய குடும்பங்கள் மாசாய், ஸ்கூடாய், கூலாய்ப் பகுதிகளில் மலிவு வீடுகளுக்குச் சென்றன. சிலருக்கு இழப்பீட்டில் வீடு கிடைத்தது; சிலருக்குப் பேச்சுவார்த்தைதான் கிடைத்தது. எவ்வாறாயினும், இக்குடும்பங்களுள் பலவற்றில் தன் பெயரில் பத்திரம் உள்ள வீடு முதன்முதலாக வந்தது கடல் கடந்து மூன்றாம் தலைமுறையில்தான். ‘ஊர்’ என்னும் சொல்லின் பொருள் மாறியதும் ஏறத்தாழ அக்காலத்திலேயே. இன்றைய மாணவரிடம் ‘உனக்கு எந்த ஊர்?’ என்று கேட்டால், ‘மாசாய், ஐயா’ என்கிறார்.

இந்திய அரசு 1999இல் இந்திய வம்சாவளியினர்க்கு அட்டை தந்தது. 2005இல் கடல்கடந்த இந்தியக் குடியினர் என்னும் ஏற்பாட்டையும் செய்தது. அவற்றை நாடியோர் பெரும்பாலும் வணிகரும் தொழில்முறையாளருமே. தோட்டத்திலிருந்து வந்த முதியோர்க்கு அது தேவைப்படவில்லை. அவர்கள் ஆயுளில் ஒருமுறை பேரப்பிள்ளையின் துணையோடு சென்று, தந்தை சொன்ன கிணற்றையும் குலதெய்வக் கோயிலையும் பார்த்து, இரண்டு வாரத்தில் திரும்புகின்றனர். விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்னும் இடத்தில் பேரப்பிள்ளை ‘சுற்றுலா’ என்று நிரப்புகிறான்.