மூலச்சுருளும் மீட்டுருவாக்கமும்

பழைய தொலைக்காட்சித் தொடர்கள் உயர்தெளிவில் மறுபிறப்பெய்துவதற்குப் புதிய கருவிகளே காரணமெனப் பலர் கருதுவர். அமெரிக்காவின் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் வரலாறு வேறொன்றை உணர்த்துகின்றது.

1987 முதல் 1994 வரை ஒளிபரப்பான அத்தொடர் 35 மி.மீ. படச்சுருளிற் படமாக்கப்பட்டது. ஆயின் தொகுப்பும் சிறப்புக் காட்சிகளின் இணைப்பும் ஒளிநாடாவிலேயே நிகழ்ந்தன. நாடாவோ 525 வரிகளுக்குட் கட்டுண்டது. அதிற் பதியாத நுணுக்கத்தை மீட்டுத்தரும் கருவி எதுவுமில்லை. எனவே, 2012இல் வெளிவரத் தொடங்கிய உயர்தெளிவுப் பதிப்பிற்காகப் பேணப்பட்டிருந்த மூலச்சுருள்களைத் தேடியெடுத்து, பழைய தொகுப்பின் ஒழுங்கிலேயே காட்சிகளைப் புதிதாகக் கோக்க வேண்டியதாயிற்று. சுருள் கிடைக்காத சில வினாடிகள் மாத்திரம் நாடாவிலிருந்தே பெறப்பட்டு, இன்றும் மங்கலாக நிற்கின்றன.

அம்மங்கலே வரலாற்று மாணவர்க்குரிய பாடம். முடிந்த ஆக்கத்தை மட்டுமன்றி, அது பிறந்த மூலத்தையும் காத்தல் வேண்டும்.